ஆப்பிரிக்காவில் தன்னார்வப் பணி: டிக்கெட் போடும் முன் போட வேண்டிய கணக்கு

தன்னார்வப் பணிக்காக ஆப்பிரிக்கா போகிறேன் என்று சொல்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, "எந்த நாடு, எந்த ஊர்?" என்பதுதான். ஆப்பிரிக்காவில் 54 நாடுகள் இருக்கின்றன. சட்டம், நோய், மொழி, மழைக்காலம் எல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். இந்தக் கட்டுரை கென்யா, உகாண்டா, தான்சானியா ஆகிய மூன்று நாடுகளுக்கு முதன்முறையாகப் போக நினைப்பவர்களுக்கானது. வேறு நாடு என்றால் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டு பதில்களைப் புதிதாகத் தேட வேண்டும்.

ஒரு தாளில் நடுக்கோடு கிழித்து, இந்தப் பக்கம் நன்மை, அந்தப் பக்கம் தீமை என்று எழுதினால் முடிவு கிடைக்காது. "அனுபவம் கிடைக்கும்", "செலவு அதிகம்" என்று இரண்டு பக்கமும் நிரம்பிவிடும், நீங்கள் முன்பே விரும்பிய முடிவைத்தான் எடுப்பீர்கள். அதற்குப் பதில் இரண்டே கேள்விகளுக்கு விடை தேடுங்கள். இந்த வேலையைச் செய்ய அந்த ஊரிலேயே ஆள் இருக்கிறாரா? நான் கிளம்பிய மறுநாள் இந்த வேலை யார் கையில் இருக்கும்? முதல் கேள்விக்கு "இருக்கிறார்" என்றோ, இரண்டாவதற்கு "தெரியாது" என்றோ பதில் வந்தால், உங்கள் பயணத்தால் அந்த ஊருக்குப் பெரிய பயன் இல்லை.

முதல் படி: கைத்தொழிலை எழுதுங்கள்

உங்களுக்குத் தெரிந்த வேலைகளில், நம்மூரில் யாராவது சம்பளம் கொடுத்து உங்களை வைத்துக்கொள்ளும் வேலை எதுவோ அதை மட்டும் எழுதுங்கள். இரண்டு வருடமாவது செய்திருக்க வேண்டும். "குழந்தைகள் என்றால் பிடிக்கும்", "ஆங்கிலம் நன்றாகப் பேசுவேன்" என்பவை அந்தப் பட்டியலில் சேராது. கோயம்புத்தூரில் ஒரு பள்ளி உங்களை ஆசிரியராகச் சேர்க்காது என்றால், கென்யாவின் கிசுமு நகரில் உள்ள குழந்தைகளும் அதைவிடக் குறைந்த தகுதியுள்ள ஆசிரியரிடம் படிக்க வேண்டியதில்லை.

கென்யாவில் முறையாகப் பயிற்சி பெற்று, ஆசிரியர் பணி ஆணையத்தில் பதிவும் செய்துவிட்டு, வேலைக்குக் காத்திருக்கும் ஆசிரியர்கள் ஏராளம். அங்கே குறைவாக இருப்பது ஆசிரியருக்குச் சம்பளம் தரப் பணம். இரண்டு வாரத்துக்கு வந்து பாட்டுச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகும் விருந்தாளியால் அந்தக் குறை தீராது. கட்டட வேலையும் அப்படித்தான். சுவாஹிலியில் கைவினைஞரை ஃபுண்டி என்பார்கள். கொத்தனாரும் ஃபுண்டி, தச்சரும் ஃபுண்டி. ஊருக்கு ஊர் நல்ல ஃபுண்டிகள் இருக்கிறார்கள். கரண்டி பிடித்துப் பழகாத பத்துப் பேர் பகலில் கட்டிய சுவரை அவர்கள் பிரித்துக் கட்ட வேண்டி வந்தால் செங்கல்லும் சிமென்டும் இரட்டைச் செலவு.

உண்மையில் ஆள் கிடைக்காத இடங்கள் வேறு. மருத்துவமனைக் கருவிகளைப் பழுதுபார்க்கும் பயோமெடிக்கல் டெக்னீஷியன்கள், மயக்க மருந்து வல்லுநர்கள், சிறிய தொண்டு நிறுவனங்களுக்குக் கணக்கு வழக்கை முறைப்படுத்தித் தரும் கணக்காளர்கள், சோலார் மின்அமைப்பை வடிவமைக்கத் தெரிந்தவர்கள், ஆசிரியர்களுக்கே பயிற்சி தரக்கூடிய அனுபவசாலிகள். இவர்கள் தாமே வேலையைச் செய்து முடிப்பதை விட, அங்குள்ள இரண்டு பேரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தால் பயன் பல மடங்கு.

ஒரு பம்பை வைத்துப் பார்ப்போம்

உகாண்டா கிராமங்களில் ஊர்ப் பொதுவில் நிற்கும் கைப்பம்பு தமிழ்நாட்டுக்காரருக்குப் புதிதல்ல. நம்மூர் அடிபம்புதான். 1970களில் யூனிசெஃப் துணையோடு இந்தியாவில் உருவான இந்தியா மார்க் 2 பம்பைத் தழுவித்தான் உகாண்டா தன் யு2 பம்பை வகுத்தது. அதன் அடுத்த வடிவமான மார்க் 3, 1980களில் கோயம்புத்தூர்ப் பகுதியில் நடந்த களச் சோதனைகளில் தேறி வந்தது.

இந்தப் பம்பு சரியாக இருந்தால் நிமிடத்துக்கு 40 அடி அடித்தால் சுமார் 12 லிட்டர் தண்ணீர் தரும். கெடுவதற்கு வழக்கமான காரணங்கள் இரண்டு. சிலிண்டருக்குள் இருக்கும் வாஷர் தேயும். அப்போது இருபது முப்பது அடி அடித்த பிறகே தண்ணீர் எட்டிப்பார்க்கும். மார்க் 2 வகையில் அந்தச் சின்ன வாஷரை மாற்ற, 3 மீட்டர் நீளமுள்ள இரும்புக் குழாய்களை ஒவ்வொன்றாக மேலே இழுத்துக் கழற்ற வேண்டும். சிலிண்டர் 30 மீட்டர் ஆழத்தில் இருந்தால் பத்துக் குழாய். அதற்கு முக்காலியும், பிடிப்பான்களும், நான்கைந்து ஆட்களும் வேண்டும். மார்க் 3-இல் குழாயைக் கழற்றாமலே உள்ளிருப்பதை மேலே எடுத்துவிடலாம். கோயம்புத்தூர்ச் சோதனைகளின் முக்கியமான பலனே அதுதான்.

இரண்டாவது காரணம் துரு. உகாண்டாவின் பல பகுதிகளில் நிலத்தடி நீர் அமிலத்தன்மை கொண்டது. துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை அது சில ஆண்டுகளில் அரித்துவிடும். காலையில் முதலில் வரும் தண்ணீர் செம்பழுப்பாக இருக்கும், துணியில் கறை படியும், தேநீர் கறுத்துப்போகும். சுவை பிடிக்காமல் மக்கள் பழையபடி சதுப்புக் குட்டைக்கே போவார்கள். கடைசியில் மரை அரித்து, குழாய்கள் ஆழ்துளைக்குள் விழும். அதோடு கிணறு போயிற்று.

இப்போது இரண்டு தன்னார்வலர்களை நினைத்துப் பாருங்கள். ஒருவர் பணம் திரட்டி வந்து, புதுக் கிணறு போட்டு, பெயர்ப்பலகை வைத்து, படம் எடுத்துக்கொண்டு போகிறார். இன்னொருவர் வட்டாரத்தில் உள்ள பம்பு மெக்கானிக்குகளோடு ஆறு மாதம் அலைந்து, எந்தப் பம்பில் நீரின் பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு) 6.5-க்குக் கீழே இருக்கிறது என்று அளந்து, அங்கெல்லாம் துருப்பிடிக்காத குழாய் மாற்ற ஏற்பாடு செய்து, உதிரி பாகம் விற்கும் கடையின் தொலைபேசி எண்ணை ஊர்த் தண்ணீர்க் குழுவிடம் கொடுத்துவிட்டுப் போகிறார். படம் முதலாமவருக்கு நன்றாக வரும். தண்ணீர் இரண்டாமவரால் வரும்.

எந்தத் திட்டத்தில் சேர்வதாக இருந்தாலும் இந்தப் பம்புக் கேள்விகளையே கேளுங்கள்: பராமரிப்புக் காசை மாதாமாதம் வசூலிப்பது யார், உதிரி பாகம் எந்தக் கடையில் கிடைக்கும், கருவிகள் யார் வீட்டில் இருக்கின்றன, கெட்டால் முதல் அழைப்பு யாருக்குப் போகும்.

போகக் கூடாத இடங்கள்

அநாதை இல்லங்கள் வேண்டாம். ஒரு வாரத்துக்கும் வேண்டாம், ஒரு நாள் பார்வையிடவும் வேண்டாம். உலகெங்கும் இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிருடன் இருக்கிறார்கள். வறுமையாலும், பள்ளிக்கு அனுப்ப வழியில்லாததாலும் சேர்க்கப்பட்டவர்கள். வெளிநாட்டவரின் கட்டணமும் நன்கொடையும் இல்லத்தை நடத்தும் வருமானம் ஆகிவிட்டால், குழந்தைகளை வீட்டுக்கு அனுப்புவது நடத்துபவருக்கு நட்டம். பாசம் காட்டிவிட்டு இரண்டு வாரத்தில் மறைந்துபோகும் அண்ணன்களும் அக்காக்களும் வருடத்துக்கு இருபது பேர் என்றால், அந்தக் குழந்தையின் மனம் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை குழந்தை உரிமை பற்றிய தீர்மானத்தில், அநாதை இல்லங்களை மையமாக வைத்த தன்னார்வச் சுற்றுலாவால் வரும் தீங்கைத் தடுக்கச் சொன்னது. கென்யா 2022 முதல் 2032 வரைக்கான திட்டம் வகுத்து, குழந்தைகளை இல்லங்களிலிருந்து குடும்பங்களுக்குத் திருப்பும் வேலையைச் செய்து வருகிறது. அந்த நாடே மூட நினைப்பதை நாம் போய்த் திறந்து வைக்கக் கூடாது. குழந்தைகளுக்கு உதவ விருப்பம் என்றால், குடும்பத்தோடு சேர்த்துவைக்கும் அமைப்புக்குப் பணம் அனுப்புங்கள்.

அடுத்தது, தகுதிக்கு மீறிய மருத்துவம். உகாண்டாவின் ஜின்ஜா நகரில் மருத்துவப் பயிற்சி இல்லாத வெளிநாட்டவர் ஒருவர் ஊட்டச்சத்துக் குறைந்த குழந்தைகளுக்கான நிலையத்தை நடத்தி, 2019-இல் குழந்தைகளை இழந்த தாய்மார்கள் தொடுத்த வழக்கைச் சந்தித்தார். 2020-இல் பொறுப்பை ஏற்காமலே சமரசம் ஆனது. நல்லெண்ணத்தால் மருந்தின் அளவு சரியாகிவிடாது. மருத்துவ மாணவர்களுக்கு விதி எளிது: சொந்தக் கல்லூரி மருத்துவமனையில் மேற்பார்வை இல்லாமல் செய்ய அனுமதியில்லாத எதையும் அங்கேயும் செய்யாதீர்கள், அங்குள்ள செவிலியரே "பரவாயில்லை, தையல் போடுங்கள்" என்று சொன்னாலும். தகுதி பெற்ற மருத்துவர்களும் உள்நாட்டு மருத்துவ மன்றத்தின் தற்காலிக உரிமம் வாங்கிய பிறகே நோயாளியைத் தொட வேண்டும். கென்யாவில் அது மருத்துவர்கள், பல் மருத்துவர்களுக்கான மன்றம். விண்ணப்பிக்கப் பட்டச் சான்று, பதிவுச் சான்று, நற்சான்று எல்லாம் வேண்டும். நான்கைந்து மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள்.

பணக் கணக்கு

ஒரு மாதிரிக் கணக்கு. இரண்டு வாரப் பயணம். விமானக் கட்டணம் 55,000 ரூபாய், ஏற்பாடு செய்யும் நிறுவனத்துக்குக் கட்டணம் 90,000, தடுப்பூசி, மருந்து, காப்பீடு, நுழைவு அனுமதி எல்லாம் சேர்த்து 15,000. மொத்தம் 1,60,000 ரூபாய். கென்யாவில் ஒரு கொத்தனாரின் நாள்கூலி 1,200 ஷில்லிங் என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய 800 ரூபாய். நீங்கள் செலவழிக்கும் தொகை ஒரு கொத்தனாருக்கு 200 நாள் கூலி. உங்களுக்கு மிஞ்சுவது, ஞாயிறு போக, பத்துப் பன்னிரண்டு வேலைநாள். உங்கள் ஊர், உங்கள் விலை, அங்குள்ள கூலி ஆகியவற்றைப் போட்டு இந்தக் கணக்கை நீங்களே போடுங்கள். கட்டட வேலைக்கோ வகுப்பெடுக்கவோ போவதாக இருந்தால் இந்த ஒரு கணக்கே போதும், முடிவு தெரிந்துவிடும்.

கருவி பழுதுபார்க்கும் டெக்னீஷியன் ஆறு மாதம் போய் இரண்டு பேருக்குப் பயிற்சி தந்தால் கணக்கு வேறு மாதிரி வரும். விமானச் செலவு அதேதான், நாள்கள் ஏறக்குறைய பதின்மூன்று மடங்கு. அதனால்தான் கால அளவு இவ்வளவு முக்கியம். முதல் மூன்று வாரம் ஊரையும் ஆட்களையும் புரிந்துகொள்ளவே போய்விடும், கடைசி ஒரு வாரம் ஒப்படைப்புக்குப் போகும். மூன்று மாதத்துக்குக் குறைந்த பணியை, மிகக் குறிப்பான ஒரு தொழில்நுட்ப வேலையாக இருந்தாலொழிய, ஏற்காமல் இருப்பது நல்லது.

உங்களுக்குக் கிடைக்கும் நன்மை உண்மையானது, அதை மறைக்க வேண்டியதில்லை. மருத்துவர் நம்மூரில் அரிதாகப் பார்க்கும் கடுமையான மலேரியாவையும் அரிவாள் செல் சோகையையும் தினமும் பார்ப்பார். பொறியாளர் உதிரி பாகம் இல்லாமல் வேலை நடத்தக் கற்றுக்கொள்வார். சுவாஹிலி நாவில் படியும். ஆனால் உங்கள் கையில் இருப்பது இரண்டே வாரம், நோக்கம் உலகம் பார்ப்பது என்றால், சுற்றுலாப் பயணியாகவே போங்கள். உள்ளூர் விடுதியில் தங்கி, உள்ளூர் வழிகாட்டிக்குக் கூலி கொடுத்துச் சுற்றிப் பார்ப்பதில் குறைவு ஒன்றும் இல்லை. அந்தப் பணம் நேராகப் பல வீடுகளுக்குப் போகும்.

அமைப்பைச் சோதிப்பது

கட்டணம் வாங்காத, படி தரும் வழிகளை முதலில் பாருங்கள். ஜெர்மனியின் பான் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஐ.நா. தன்னார்வலர் அமைப்பு வாழ்க்கைப்படி, பயணச்செலவு, காப்பீடு தந்து அனுப்புகிறது. பன்னாட்டு வல்லுநர் பிரிவுக்கு 27 வயதும் மூன்று ஆண்டு அனுபவமும் வேண்டும். 18 முதல் 26 வரை இளைஞர் பிரிவு. அதே அமைப்பின் இணையவழித் தன்னார்வப் பணியில் வீட்டிலிருந்தே கணக்கு, வடிவமைப்பு, தரவு வேலைகளைச் செய்யலாம். போகலாமா வேண்டாமா என்று இழுபறியில் இருப்பவர்கள் அதில் மூன்று மாதம் வேலை செய்து பார்ப்பது நல்ல ஒத்திகை. மருத்துவர்களும் செவிலியர்களும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு விண்ணப்பிக்கலாம். அங்கே ஊதியம் உண்டு, தேர்வும் கடுமை.

சிறிய அமைப்பு என்றால், பதிவு எண்ணைக் கேளுங்கள். கென்யாவில் 2024 மே முதல் பொதுநல அமைப்புகளுக்கான புதிய சட்டம் நடைமுறையில் இருக்கிறது; அதன் ஒழுங்குமுறை ஆணையத்திடம் சரிபார்க்கலாம். தான்சானியாவில் தொண்டு நிறுவனப் பதிவாளர், உகாண்டாவில் உள்துறை அமைச்சகம். பிறகு மின்னஞ்சலில் இவற்றைக் கேளுங்கள்:

என் கட்டணத்தில் எவ்வளவு உங்கள் ஊரில் செலவாகிறது, எதற்கு?
இந்தப் பணியை நான் வருவதற்கு முன் செய்தவர் யார், பின் செய்யப்போகிறவர் யார்?
எனக்கு மேலதிகாரியாக இருக்கப்போகும் உள்ளூர்க்காரர் யார்? அவரோடு பேச முடியுமா?
எந்த வகை அனுமதிச்சீட்டில் நான் வேலை செய்வேன், அதற்கு விண்ணப்பிப்பது யார்?
முன்பு வந்துபோன இருவரின் தொடர்பு தர முடியுமா?

நல்ல அமைப்பு திருப்பி உங்களையும் கேள்வி கேட்கும். தகுதிச் சான்று, இரண்டு பரிந்துரைகள், பாஸ்போர்ட் சேவை வழியாக வாங்கும் காவல்துறை நற்சான்று இவையெல்லாம் கேட்டால் மகிழ்ச்சியோடு கொடுங்கள். பணம் கட்டிய உடனே "வாருங்கள்" என்று சொல்லி, ஒரு சான்றும் கேட்காத இடத்தில் உங்களைப்போலவே யார் வேண்டுமானாலும் குழந்தைகள் பக்கத்தில் போய் நிற்கலாம் என்று அர்த்தம். அங்கே போகாதீர்கள்.

அனுமதி

புதியவர்கள் அதிகம் தவறும் இடம் இது. சம்பளம் வாங்கவில்லை என்பதால் சுற்றுலா அனுமதியில் போகலாம் என்று நினைக்கிறார்கள். இந்த நாடுகளின் குடிவரவுச் சட்டத்தில், ஊதியம் இல்லாவிட்டாலும் வேலை வேலைதான். கென்யாவுக்குள் நுழைய 2024 ஜனவரி முதல் விசாவுக்குப் பதிலாக மின்னணுப் பயண அங்கீகாரம் வந்திருக்கிறது. அது நுழைவதற்குத்தான், பணியாற்ற அல்ல. குறுகிய பணிக்குச் சிறப்புச் சீட்டு, நீண்ட பணிக்கு சமய, அறப்பணிகளுக்கான 'ஐ' வகை அனுமதி. தான்சானியாவில் தன்னார்வலர்களுக்கு 'சி' வகை வசிப்பு அனுமதி. விண்ணப்பிக்க வேண்டியது உங்களை அழைக்கும் அமைப்பு. "சுற்றுலா என்று சொல்லி நுழைந்துவிடுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒரு அமைப்பு சொன்னால், பிடிபடும் நாளில் அபராதமும் நாடுகடத்தலும் உங்களுக்கு, அவர்களுக்கு அல்ல.

இறங்கிய பின் அந்தந்த நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தில் பெயரைப் பதிந்துவைக்கவும். நைரோபி, கம்பாலா, தாருஸ்ஸலாம் மூன்றிலும் இருக்கிறது.

உடல்நலம்

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியில் தொடங்குங்கள். உகாண்டா எல்லாப் பயணிகளிடமும் அதன் சான்றைக் கேட்கிறது. அதைவிட முக்கியம், திரும்பும்போது இந்தியாவே கேட்கும். கென்யா, உகாண்டா போன்ற நாடுகளிலிருந்து செல்லுபடியாகும் சான்று இல்லாமல் வந்தால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். தான்சானியாவுக்கு மட்டும் போகிறவர்களும் நைரோபி அல்லது அடிஸ் அபாபா வழியாகப் பறக்க நேரும் என்பதால் போட்டுக்கொள்வது நல்லது. எல்லா மருத்துவமனையிலும் போடமாட்டார்கள். அரசு அங்கீகரித்த மையத்தில்தான் போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் நிலையமும் துறைமுகச் சுகாதார அலுவலகமும் அத்தகையவை. முன்பதிவு செய்து, பாஸ்போர்ட்டோடு போங்கள். சான்று ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் செல்லும். அதன்பின் ஆயுள் முழுக்கச் செல்லும். கடைசி வாரத்தில் ஓடிப்போய்ப் போட்டுக்கொண்டு விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வது அடிக்கடி நடப்பது. இது உயிருள்ள கிருமியால் ஆன ஊசி. முட்டை ஒவ்வாமை, கர்ப்பம், நோயெதிர்ப்புக் குறைவு, 60 வயதுக்கு மேல் என்றால் முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள். மஞ்சள் புத்தகத்தில் பாஸ்போர்ட் எண் சரியாக எழுதியிருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள்.

மலேரியாவை நம்மூர் மலேரியா போல எண்ண வேண்டாம். அங்கே பரவலாக இருப்பது ஃபால்சிபாரம் வகை. ஓரிரு நாளில் மூளையைத் தாக்கிவிடக்கூடியது. பழைய குளோரோகுவின் அதற்கு எதிராகப் பயன்படாது. தடுப்பு மாத்திரைகளில், டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம் தினமும், போவதற்கு ஓரிரு நாள் முன் தொடங்கித் திரும்பிய பின் நான்கு வாரம் வரை. அடோவகுவோன்-புரோகுவானில் என்றால் திரும்பிய பின் ஏழு நாள் போதும். மெஃப்ளோகுவின் வாரம் ஒன்று. மனச்சோர்வு, வலிப்பு வரலாறு உள்ளவர்களுக்கு ஆகாது. எது உங்களுக்குப் பொருந்தும் என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். டாக்சிசைக்ளினை நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமல் இருங்கள், இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். வெயிலில் தோலும் எளிதில் கருகும். நடைமுறையில் கெடுவது எங்கே என்றால், "வீட்டுக்கு வந்தாயிற்றே" என்று அந்த நான்கு வார மாத்திரையை விட்டுவிடுவதில்தான். நைரோபி 1,700 மீட்டருக்கு மேலான உயரத்தில் இருப்பதால் அங்கே மலேரியா குறைவு. விக்டோரியா ஏரிக்கரையும் கடற்கரைப் பகுதியும் அப்படியல்ல. மருந்து தோய்த்த கொசுவலை இரண்டு இடத்திலும் வேண்டும்.

விக்டோரியா ஏரியில் இறங்கிக் குளிக்காதீர்கள். நத்தைகளிலிருந்து வரும் பில்ஹார்சியா புழு தோல் வழியாக நுழையும். முழங்கால் அளவு தண்ணீரில் நின்றாலே போதும்.

ஆனால் மலேரியாவுக்கு இணையாகத் தன்னார்வலர்களைப் படுக்கையில் தள்ளுவது சாலை. போடா போடா எனப்படும் மோட்டார் சைக்கிள் டாக்சியில் தலைக்கவசம் இல்லாமல் ஏறாதீர்கள், இருட்டிய பின் ஊர்விட்டு ஊர் போகாதீர்கள். காப்பீட்டுப் பத்திரத்தில் மூன்று வரிகளைத் தேடுங்கள்: மோட்டார் சைக்கிள் விபத்து விலக்கப்பட்டிருக்கிறதா, அவசரத்தில் விமானத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவு உண்டா, தன்னார்வப் பணி செய்யும்போது நடப்பது அடங்குமா. நைரோபியை மையமாகக் கொண்ட ஆம்ரெஃப் பறக்கும் மருத்துவர்கள் என்ற விமான ஆம்புலன்ஸ் சேவை 1957 முதல் இயங்குகிறது. உங்கள் காப்பீடு அவர்களுக்குப் பணம் கட்டுமா என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். மருத்துவப் பணிக்குப் போகிறவர்கள் ஊசி குத்திவிட்டால் 72 மணி நேரத்துக்குள் எச்.ஐ.வி. தடுப்பு மருந்து எங்கே கிடைக்கும் என்பதை முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டும்.

எப்போது போவது, எதை எடுத்துக்கொள்வது

நம்மூர்க் கோடை விடுமுறையில் போக நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மார்ச் முதல் மே வரை அங்கே பெருமழைக்காலம், மண்சாலைகள் சேறாகிவிடும். கென்யப் பள்ளிகளுக்கு ஏப்ரலில் விடுமுறை, ஆகஸ்டில் விடுமுறை, நவம்பர் தொடங்கி ஆண்டு முடியும் வரை நீண்ட விடுமுறை. பள்ளி சார்ந்த பணி என்றால் ஜனவரி, மே, செப்டம்பர் மாதங்களில் தொடங்கும்படி பாருங்கள்.

பெட்டி கட்டும்போது பாலிதீன் பைகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கென்யா 2017 ஆகஸ்டில் தடை செய்தது, தான்சானியா 2019 ஜூனில், தண்டனை கடுமையானது. ஊறுகாயும் பருப்புப்பொடியும் டப்பாவில் போகட்டும், துணிப்பையில் சுற்றுங்கள். பிளக் நம்மூர் உருண்டைக் கால் அல்ல, இங்கிலாந்தின் தட்டையான மூன்று கால். இரண்டு அடாப்டர் வேண்டும். டாலர் தாள்கள் புதியவையாக, கிறுக்கல் கிழிசல் இல்லாதவையாக இருக்கட்டும். பழைய ஆண்டுத் தாள்களை மாற்றமாட்டார்கள். நன்கொடைப் புத்தகங்களையும் பழைய துணிகளையும் சுமக்க வேண்டாம். அங்குள்ள பாடத்திட்டப் புத்தகம் அங்குள்ள கடையில்தான் கிடைக்கும், கடைக்காரருக்கும் பிழைப்பு.

சைவர்கள் பயப்பட வேண்டாம். சோளமாவுக் களியான உகாலி, கீரைவதக்கலான சுகுமா விக்கி, சோளமும் பீன்ஸும் வேகவைத்த கிதேரி, பச்சைப்பயறுக் குழம்பான ந்தெங்கு, சப்பாத்தி, சாய் எல்லாம் சாதாரண உணவகத்தில் கிடைக்கும்.

போய்ச் சேர்ந்த முதல் வாரம்

யாருக்கும் எதையும் கற்றுக்கொடுக்க முயலாதீர்கள். பார்த்துக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நேரம் சொல்வதில் கவனம் வேண்டும். சுவாஹிலியில் மணியைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுவார்கள், நம் முன்னோர் நாழிகை எண்ணியதைப் போல. "சா ம்பிலி" என்றால் சொல்லுக்குச் சொல் இரண்டு மணி. உண்மையில் காலை எட்டு மணி. கூட்டம் எத்தனை மணிக்கு என்று தெரிந்துகொண்டபின், "சுவாஹிலி நேரமா, ஆங்கில நேரமா?" என்றும் கேட்டு உறுதி செய்யுங்கள். தான்சானியாவில் மூத்தவர்களைப் பார்த்தால் "ஷிகமோ" என்று வணங்க வேண்டும். அவர் "மரஹபா" என்பார். இந்த ஒரு சொல்லுக்குக் கிடைக்கும் வரவேற்பு பெரிது.

இந்தியராக நீங்கள் தனி வரலாற்றுக்குள் நுழைகிறீர்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அங்கே உங்களை முஹிந்தி என்பார்கள். 1896-இல் தொடங்கிய உகாண்டா ரயில்பாதைக்கு இந்தியாவிலிருந்து ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் போனார்கள். பின்னாளில் வணிகத்தில் இந்தியர்கள் ஓங்கினார்கள். 1972-இல் உகாண்டா அதிபர் இடி அமின் அங்கிருந்த ஆசியர்களை 90 நாளில் வெளியேறச் சொன்னார். 2017-இல் கென்யா தன் ஆசிய வம்சாவளியினரை 44-வது இனக்குழுவாக ஏற்றது. பலருக்கு இந்தியர் என்றால் கடை முதலாளி. உங்களைக் கடைக்காரரின் உறவினர் என்று நினைத்துக் கொஞ்சம் விலகி நிற்கலாம், வேலை கேட்கலாம். கோபப்படாமல், என்ன வேலைக்காக யாருடைய அழைப்பில் வந்தீர்கள் என்று தெளிவாகச் சொல்லுங்கள். உள்ளூர் வேலையாட்களிடம் நீங்கள் பேசும் தொனியை அவர்கள் கூர்ந்து கவனிப்பார்கள்.

பணம் கேட்பவர்களுக்குத் தனியாகக் கொடுக்காமல் அமைப்பின் வழியே கொடுங்கள். குழந்தைகளின் முகம் தெரியும் படத்தைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். சென்னையில் ஒரு பள்ளிக்குள் நுழைந்து அப்படிப் படம் எடுக்க யாரும் விடமாட்டார்கள்.

ஒப்படைப்பும் திரும்புதலும்

கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போதே, நீங்கள் செய்துவரும் வேலையை உள்ளூர்த் தோழர் செய்ய, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அவர் எங்கே திணறுகிறாரோ அதுதான் மிச்சமிருக்கும் நாள்களுக்கான பாடம். கடைசி வாரம் அலுவலகத்துக்கே போகாமல் இருந்து, தொலைபேசி எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். கடவுச்சொற்கள், கருவிகளின் பட்டியல், கடைகளின் எண்கள் ஆகியவற்றை அவர் கையெழுத்திலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

ஊர் திரும்பியபின் ஒரு வருடத்துக்குள் காய்ச்சல் வந்தால், முதல் மூன்று மாதத்தில் இன்னும் கவனமாக, அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். நம்மூரில் காய்ச்சல் என்றால் டெங்கு, டைபாய்டு பக்கம்தான் முதலில் எண்ணம் போகும். அதனால் உட்கார்ந்ததும் முதல் வார்த்தையாக, "டாக்டர், நான் ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருக்கிறேன், ஃபால்சிபாரம் மலேரியாவுக்கு ரத்தம் பாருங்கள்" என்று சொல்லுங்கள். முதல் பரிசோதனையில் இல்லை என்று வந்து காய்ச்சல் தொடர்ந்தால் மறுநாளும் பார்க்கச் சொல்லுங்கள். ஏரித் தண்ணீரில் இறங்கியிருந்தால், உடம்பு நன்றாகவே இருந்தாலும், மூன்று மாதம் கழித்து பில்ஹார்சியா பரிசோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள். பிராசிகுவாண்டெல் மாத்திரையில் அது குணமாகும்.